காரணம்: மேகம்

யூனியன் பிளேசில் ஏழாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே பேரே வாவி
மழையில் கொதிக்கிற மாதிரி.
உள்ளே ஏஸி பதினெட்டில்.
சால்வையைப் போர்த்திக்கொண்டு நான் காவல் இருப்பது
கடல் தாண்டி ஏதோ ஒரு பாலைவனத்து வெயிலுக்கு.

நாலு லட்சம் பலகைகள். திரையில் எல்லாம் பச்சைக் கட்டங்கள்.
ஒன்று மஞ்சளானால் எழுத வேண்டும்:
நேரம், வரிசை, இழப்பு, காரணம்.
காரணத்துக்கு ஐந்தே சொற்கள் தந்திருக்கிறார்கள்.
தூசி, பறவை எச்சம், பழுது, மேகம், பிற.
'பிற' என்றால் விளக்கம் கேட்கும்.
யாரும் 'பிற' எழுதுவதில்லை.

மூன்று வருடமாகப் பார்க்கிறேன்,
மணல் என்ன நிறமென்று இன்னும் தெரியாது.
கமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கித்தான் தரும்.

ஒரு செவ்வாய். இங்கே ஒன்றே முக்கால்,
அங்கே பன்னிரண்டேகால்.
எழுபத்திரண்டாம் வரிசை மஞ்சளானது.
பதினொரு நிமிடம். பிறகு பச்சை.
புதனும் அப்படியே.
தூசி மணி பார்த்து வராது.

வியாழன் கமராவைத் திருப்பினேன்.
பலகையின் மேல் ஒரு சேர்ட், கைகளை விரித்தபடி.
காற்றுக்குப் பறக்காமலிருக்க
இரண்டு கையுறைகளைப் பாரம் வைத்திருந்தது.
முதுகுப் பக்கம் உப்பு, அந்தக் கமராவுக்கே தெரிகிற அளவு.
ஆள் பலகைக்குக் கீழே
முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெனியனோடு.
முகம் தெரியவில்லை. என்ன பாஷைக்காரனோ.
சுற்றிவர எட்டுக் கிலோமீற்றருக்கு வேறு நிழல் இல்லை;
வரைபடம் என்னிடம் இருக்கிறது, பார்த்தேன்.

இழப்பு: முந்நூறு வாட்.
என் மேசைக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் கேத்தில்
இதைவிடக் கூடக் குடிக்கும்.
காரணம்: மேகம்.
அழுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன்.

மாத முடிவில் திலந்த
கதிரையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.
"ஜூன் மாதம், அந்த இடத்தில்,
நாள் தவறாமல் பன்னிரண்டேகாலுக்கு மேகமா?"
"சின்ன மேகம், சேர்."
வாவிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"இங்கேயிருந்து போயிருக்கும்" என்றார்.
சிரித்தாரா என்று எனக்கு விளங்கவில்லை.

இன்று பன்னிரண்டேகால் ஆயிற்று.
பன்னிரண்டரை.
எழுபத்திரண்டு பச்சையாகவே இருக்கிறது.
நேற்றும் அப்படித்தான்.
கமராவைத் திருப்பினால் பலகை மட்டும்,
துடைத்துவிட்ட மாதிரி.

எங்கே எழுதுவது?
பச்சைக்குக் காரணம் கேட்கிற கட்டம்
இந்தப் படிவத்தில் இல்லை.