வன்தட்டு இல்லாத அறை

குத்தாயிசி. மூன்றாம் மாடி ஆய்வகம்.
நாற்பத்திரண்டு வன்தட்டுகளையும் கழற்றி
திராட்சைக் கூடையில் போட்டாயிற்று.
தூக்கிய நுக்ஸாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

காலை எட்டு. சியாலா
மெயின் சுவிட்சைப் போடுகிறாள்.
கணினிகள் வெறும் வயிற்றோடு விழித்து
ஒரே நேரத்தில் கூவுகின்றன:
நான் யார்? என் முகவரி என்ன?

கீழ்த்தளத்துச் சர்வர் ஒன்றே
முகம் சுளிக்காமல்
பந்தி பரிமாறுகிறது.

பதினேழு மட்டும் கறுத்த திரையில்
கேட்டுக்கொண்டே இருக்கிறது.
மேசைக்கடியில் தவழ்ந்து போனால்
கேபிள்
அரை விரற்கடை வெளியே.

மதியம் ஒட்டியா வந்து நின்றான்:
"நேற்று டெஸ்க்டாப்பில் வைத்த கட்டுரை?"
அவள் சுவர் அறிவிப்பைக் காட்டினாள்.
அவன் படிக்கவில்லை, திரையையே பார்த்தான்.

அவன் போனபின்
கூடைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.
எல்லாம்
போன வெள்ளிக்கு முந்தியவை.