கண்ணில் தூவுவது

பகலெல்லாம் கண்களைத் திறக்கச் சொல்வது என் வேலை.
மோவாயை இங்கே வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள்,
இமைக்காதீர்கள், கடைசி வரியைப் படியுங்கள்.
பெர்கமோவில் பாதிப் பேரின் கண்புரை எனக்குத் தெரியும்,
பெயர்தான் தெரியாது.

டிசம்பர் பன்னிரண்டு இரவு மட்டும்
ஆறு வயது துல்லியோவிடம் சொல்கிறேன்:
மூடு. இறுக்கி மூடு.
கழுதையோடு லூசியா வருகிற நேரம்.
விழித்திருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டால்
ஒரு பிடி சாம்பல் நேரே கண்ணில் வந்து விழும்.

பார்வைக்குக் காவல் நிற்கும் புனிதவதி
பார்ப்பவன் கண்ணை ஏன் அவிக்க வேண்டும்?
யாரும் எனக்கு விளக்கியதில்லை.
நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும்
சொன்னபடி தூங்கிவிட்டேன்.

எர்மெஸுக்கு இது ஆகாது.
சந்தைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவன்.
ஐந்து கிராம் குறைந்தால் மீன்காரருக்கு அபராதம்.
"பிள்ளை கண்ணில் மண்ணைத் தூவாதே" என்றான்.
"மண் இல்லை, சாம்பல்" என்றேன்.
சிரிக்கவில்லை.
"நாளைக்கு நாம் சொல்லும் எதை அவன் நம்புவான்?
அடுப்பு சுடும் என்பதையா?
அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்பதையா?"
பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.
பாத்திரம் கழுவினேன்.

கடிதத்தில் பிள்ளை ஒரு கிரேன் வண்டி கேட்டிருந்தான்.
கழுதைக்குக் கால் வலிக்கிறதா என்றும் விசாரித்திருந்தான்.
எர்மெஸ் எழுத்துப்பிழைகளை எண்ணினான், ஏழு.
பிறகு நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டான்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

என்னைக் குடைந்தது அவன் கேள்வி அல்ல.
போன வாரம் ஷூ லேஸோடு மல்லுக்கட்டியபடி துல்லியோ கேட்டது:
"யூஸ்ராதான் எங்கள் வகுப்பிலேயே நல்லவள்.
பென்சில் கேட்டால் சீவிக் கொடுப்பாள்.
அவள் வீட்டுக்கு ஏன் கழுதை போவதில்லை?"
கழுதைக்கு வழி தெரியாது என்றேன்.
அந்த ஒரு பொய்க்கு மட்டும்
எர்மெஸின் எடைக்கற்கள் எல்லாம் போதாது.

பத்தரை மணி. மூடுபனி முற்றத்தை விழுங்கியிருந்தது.
கீழ்வீட்டு ஸம்பெல்லியிடம் இரவல் வாங்கிய ஆட்டு மணியை
நாக்கில் துணி சுற்றி, கோட்டுக்குள் மறைத்து, படியிறங்கினேன்.
குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்று
துணியை அவிழ்த்து மூன்று தரம் ஆட்டினேன்.
தெருக்கோடியில் ஒரு மணி கேட்டது.
அதற்கப்பால் இன்னொன்று, ஆற்றுப் பக்கம்.
இந்த ஊரில் எத்தனை பேர்
பைஜாமாவுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு
குளிரில் நின்று பொய்யை ஆட்டுகிறோம்!
வெட்கமாக இருந்தது.
இன்னொரு தரம் ஆட்டினேன்.

நிமிர்ந்தேன்.
இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு மூக்கு,
கண்ணாடியில் மூச்சின் வட்டம்.
அது சுருங்கி மறையும் வரை
இருவரும் அசையவில்லை.

காலையில் மேசையில் கிரேன் வண்டி, மிட்டாய், ஆரஞ்சு.
கழுதைக்கு வைத்த வைக்கோலைக் காணோம்,
பால் கிண்ணம் காலி.
நான் எடுக்கவில்லை. மறந்தே போயிருந்தேன்.
எர்மெஸின் ஸ்வெட்டர் கையில்
ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது.

துல்லியோ எதையும் தொடாமல் என்னிடம் வந்தான்.
கசக்கிக் கசக்கிக் கண் சிவந்திருந்தது.
"சாம்பல் விழுந்துவிட்டது, அம்மா. பாரேன்."
நாற்காலியில் உட்கார வைத்தேன்.
மோவாயைப் பிடித்தேன். இமைக்காதே.
டார்ச்சை அடித்தேன்.
சாம்பல் இல்லை.
பாவைக்குள் பொம்மையளவில் ஒருத்தி,
கையில் வெளிச்சம், கழுத்தை எட்டி நீட்டி,
தேடுவது எதை என்று தெரியாமல்.
"ஒரு துகள் இருந்தது" என்றேன். "எடுத்துவிட்டேன்."
"வலிக்கவே இல்லை" என்றான், மரியாதையாக.

பிறகு பாலில் ரொட்டியைத் தோய்த்தபடி:
"யூஸ்ரா வீடு ரயில் பாலத்துக்குப் பக்கத்தில்.
மஞ்சள் கட்டடம், நாலாம் மாடி.
அடுத்த வருஷம் வழி தெரியாது என்று சொல்லக் கூடாது."
கொஞ்சம் மென்று, கொஞ்சம் யோசித்து,
"அங்கே லிஃப்ட் ரிப்பேர். கழுதை படியேறுமா?"
என்று கேட்டான்,
அப்பாவைப் பார்த்து.