இரண்டு நாள் நிரந்தரம்

தேதி கேட்டபோது முதல்வர் கார்த்திகை என்றார்.
அப்போது வாடை அடிக்கும்,
சிப்காட்டின் மூச்சு தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்விடும்,
குழுவினர் கைக்குட்டையைத் தேடமாட்டார்கள்.
மழையை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஏழு அளவுகோல். எழுபத்து மூன்று கோப்பு.
நடக்காத கூட்டங்களுக்கு நான் தீர்மானம் எழுதினேன்,
தேநீர்ச் செலவோடு.
‘விவாதித்து ஏகமனதாக ஏற்கப்பட்டது’
ஒரே இரவில் பதினான்கு முறை.
மாணவர் கருத்துப் படிவம் இருநூறுக்கும்
மூன்று பேனா, என் இரண்டு கை.
இடக்கையால் எழுதியதில்
கொஞ்சம் உண்மை வந்துவிட்டதென்று
கழிப்பறை பற்றிய ஒரு வரியை அடிக்கச் சொன்னார்கள்.

மரம் நடும் படம் ஐந்து ஆண்டுக்கு வேண்டும்,
அடியில் அட்சரேகை தீர்க்கரேகை தெரிய வேண்டும்.
மஞ்சக்குப்பத்தில் முப்பது ரூபாய்க்கு
ஒரு வேப்பங்கன்று வாங்கி வந்தார் எபநேசர்.
பேனர் ஐந்து. குழி நான்குதான்;
ஒன்றில் இரண்டு முறை நட்டோம், நான் புடவை மாற்றிக்கொண்டு.
சாயங்காலத்துக்குள் கன்று தலை தொங்கிவிட்டது.

என் பெயருக்குக் கீழே
உதவிப் பேராசிரியர் என்று புதிதாய் ஒட்டியிருந்தது.
தொட்டுப் பார்த்தேன், பசை காயவில்லை.
ஏப்ரல் முப்பதில் அனுப்பி
ஜூலையில் கூப்பிடுவார்கள் என்னை.
மே மாதத்தில் நான் யாரென்று
எழுபத்து மூன்றில் ஒன்றிலும் இல்லை.

குழு வந்தது, குடைகளோடு.
வேதியியல் ஆய்வகத்தில்
பண்ருட்டியிலிருந்து இரவல் வேனில் வந்த
ஸ்பெக்ட்ரோமீட்டர் பக்கத்தில் நஸ்ரீனை நிறுத்தியிருந்தோம்.
அவளுக்கு அதன் பெயர் தெரியும்; பழக்கமில்லை.
‘இதில் என்ன அளந்தாய்?’ தலைவர் கேட்டார்.
அவள் என்னைப் பார்த்தாள்.
முதல்வர் அவளைப் பார்த்தார்.

‘இதுல இல்ல சார்.’
மூலையில் விளிம்பு உடைந்த ப்யூரெட்டைக் காட்டினாள்.
‘எங்க வீட்டு போர் தண்ணி. ஆறு மாசமா,
செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை. குளோரைடு ஏறுது.’
நோட்டை நீட்டினாள்.
முன்பாதியில் அவள் அம்மாவின் இட்லி மாவுக் கடன் பாக்கி,
பின்பாதியில் மில்லிலிட்டர்.
அதற்குக் கோப்பு எண் இல்லை.

அப்போதுதான் மேலிருந்து சொட்டியது.
அவர் சட்டையில் ஒன்று, நோட்டில் ஒன்று.
எட்டுப் பேர் வாளிக்கு ஓடினோம்,
ஒளித்துவைத்தவர்களும் நாங்களே
என்பதால் கிடைக்கவில்லை.
அவர் நாற்காலியை ஒரு முழம் நகர்த்தி
படித்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது என்னிடம் ஒரே கேள்வி:
எத்தனை வருடமாக இங்கே?
ஏழு, என்றேன்.
சொல்லிக்கொடுத்த பதிலும் அதுதான்.
அந்த இரண்டு நாளில்
பொய்யும் உண்மையும் ஒரே எண்ணாய் வந்தது
அங்கே மட்டும்.

தரம் வந்தது. கேட்டுக்கு மேல் ஃபிளக்ஸ்,
முதல்வர் கைகூப்பிச் சிரிக்கிறார்.
வேன் வந்து இயந்திரத்தை எடுத்துப் போயிற்று.
அறிக்கையில் யோகா இருந்தது, மரக்கன்று இருந்தது.
நஸ்ரீனின் நோட்டைத் தேடினேன்.
கடைசிப் பக்கத்தில், கூரையைக் கவனிக்க என்று
அரை வரி மட்டும்.

ஏப்ரல் முப்பது, சாவி கொடுக்கப் போனேன்.
எபநேசர் கழிப்பறைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.
முழங்கால் உயரத்தில் அந்தக் கன்று.
அன்று ராத்திரியே நட்டாராம்,
படம் பிடிக்க ஆளில்லாமல்.

என்ன தண்ணி ஊத்துறீங்க?
‘வேறென்ன மேடம், போர் தண்ணிதான்.’

இலை நுனி லேசாய்க் கருகியிருந்தது.
வெயிலா உப்பா என்று
ஜூலையில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.
கூப்பிட்டால்.