ஆற்றின் நடுவே ஒரு புள்ளி

வேதபாட வகுப்புக்கு என்றுதான்
கார்ச்சாவியை எடுத்தாள் ஜெனிலா.
மணி ஏழு. வெளியே மைனஸ் இருபத்தாறு.
என் கைப்பேசியில் அவள்
ஒரு நீலப் புள்ளி.

பெம்பினா சாலையில் நகர்ந்தது.
ஆலயத்தைத் தாண்டியது.
தாண்டிப் போய் நின்ற இடம்
வின்னிபெக் வரைபடத்தில்
ரெட் ஆற்றின் நடு.

ஒரு நொடி என் மூச்சும் அங்கேயே மூழ்கியது.
பிறகுதான் நினைவு வந்தது, இது ஜனவரி.
ஆறு இப்போது தரை.
ஊரே அதன்மேல் சறுக்கிக்கொண்டிருக்கும்.

வந்த முதல் குளிர்காலம்
கரையைவிட்டு இறங்காத எனக்கு
கிங்ஸ்லி நடு ஆற்றில் குதித்துக் காட்டினார்:
"பாரு, தாங்குது. வா."
கடல்மேல் கால் வைத்த கலிலேயா மீனவனை நினைத்துக்கொண்டு
அவர் கையைப் பிடித்தேன்.
அதே கைதான் நாலு வருஷம் கழித்து
மூன்று கடன் அட்டைகளை
அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்தது.
மன்னித்தேன். ஆலயத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.
ஆனாலும் மாதக் கடைசியில்
அவர் குளிக்கும் நேரம் பார்த்து
வங்கிக் கணக்கைத் திறக்கிறேன்.

இரவில் முழங்காலில் நின்று
ஆண்டவரே, இவர்களை உம் கையில் ஒப்புக்கொடுக்கிறேன் என்பேன்.
ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள்
விரல் திரையைத் தொடும்,
அவர் சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று பார்க்க.

மரியாளும் யோசேப்பும்
ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார்கள்,
பிள்ளை கூட்டத்தில் எங்கோ வருகிறான் என்று.
ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது
என்ன தாய் இவள் என்று தோன்றியது.
இன்று அந்த ஒரு நாளின்மேல்
எனக்குப் பொறாமை.

பத்தரைக்குக் கதவு திறந்தது.
மூக்கு நுனி சிவந்து, காலணியில் பனி.
"வேதபாடம் இன்னைக்கு நீண்டுடுச்சும்மா."

கேட்டிருக்கலாம். சாட்சி கையில் இருந்தது,
இன்னும் சூடாக.
அதை எப்படிச் சம்பாதித்தேன் என்பதுதான்
தொண்டையில் நின்றது.

ரசத்தை இரண்டாம் முறை அடுப்பில் வைத்தேன்.
"ஜெனி, நீ ஒன்பதாங் கிளாஸ் படிக்கையில இருந்து
எங்க போற, எங்க நிக்குறன்னு
உன் போன் வழியா பாத்துட்டு வர்றேன்.
உங்கிட்ட சொல்லலை."

அவள் ஒரு கையுறையை மட்டும் கழற்றியிருந்தாள்.
வெகுநேரம் அப்படியே நின்றாள்.
அடுப்பை அணைத்துவிட்டு நானும் நின்றேன்.
இருவருக்கும் நடுவில்
எத்தனை அங்குலம் என்று தெரியாத பனிக்கட்டி.

பிறகு நாற்காலியை இழுத்தாள்.
"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.