பூஜ்யத்தால் வகுத்தல்

ஞாயிறு காலை பதினோரு மணி. கரண்ட் இல்லை.
லேப்டாப்பில் முப்பத்தேழு சதவீதம் மிச்சம்.
அது தீர்வதற்குள் முடிவெடுத்துவிடலாமென்று
நானும் மெர்லினும் கட்டிலில் உட்கார்ந்தோம்.

எக்செல் போடுவது என் யோசனை.
இன்ஜினியரிங் நாலு வருஷத்தில்
என்னிடம் ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

பி.காம்., பி.சி.ஏ., நர்சிங்.
கடைசியாக, அவள் இரண்டு முறை சொன்னபிறகு,
பி.ஏ. வரலாறு.
செலவுக்கு ஒரு பத்தி. ஐந்தாம் வருஷச் சம்பளத்துக்கு ஒரு பத்தி.
சம்பளத்தைச் செலவால் வகுத்தால்
எது லாபமென்று தெரிந்துவிடும்.

வரலாற்றுக்கு என்ன செலவு?
அரசுக் கல்லூரி. பெண்பிள்ளை. டியூஷன் ஃபீஸ் கிடையாது.
வியாசர்பாடியில் ஏறினால்
கண்டக்டரும் அவளிடம் காசு கேட்கமாட்டார்.
பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யத்தால் வகுக்க முடியாதென்று
கட்டம் கோபித்துக்கொண்டது.

"அதெப்படி சும்மா வரும்?"
அப்பா குறுக்கே வந்தார்.
ஹார்பரில் இருபத்தாறு வருஷமாகக் கண்டெய்னர் எண்ணுகிறவர்.
"இவ கூடப் படிச்ச புள்ள ஒரகடத்துல பதினாறாயிரம் வாங்குது.
கம்பெனி பஸ்ஸு, மத்தியானச் சாப்பாடு.
மூணு வருஷம் இவ வாங்காத சம்பளம்
அது செலவு இல்லையா?"

கணக்கு சரி.
ஐந்து லட்சத்து எழுபத்தாறாயிரம் என்று அடித்தேன்.
மெர்லின் திரையைப் பார்த்தாள், அப்புறம் தன் கால்விரல்களை.
சமையலறையில் பருப்பு கடையும் சத்தம்
நின்றுபோயிருந்தது.

"சம்பளம் என்ன போட?"
"தெரியல."
"டீச்சர்னா பி.எட். வேணும். இன்னும் ரெண்டு வருஷம்.
குரூப் டூ எத்தனை லட்சம் பேர் எழுதறாங்க தெரியுமா?"
"தெரியும்."
"அப்புறம் எதுக்குடி?"

"நம்ம காலனியில தெரு மூணுலேர்ந்து ஆரம்பிக்குது.
ஒண்ணும் ரெண்டும் எங்க போச்சுன்னு
ரேஷன் கடையில கேட்டேன், ஃபாதர்கிட்ட கேட்டேன்,
ஈ.பி. ரீடிங் எடுக்க வர்றவர்கிட்டகூட.
யாருக்கும் தெரியலண்ணா.
தெரியலங்கறது யாரையும் உறுத்தவும் இல்ல."

அதற்கு என் அட்டவணையில் பத்தி இல்லை.

"சரி, உன்னோடத போடு" என்றாள்.

போட்டேன்.
மெக்கானிக்கல். பூந்தமல்லி தாண்டி ஒரு காலேஜ்.
ஏழு லட்சத்து நாற்பதாயிரம், வட்டி தனி.
ஐந்தாம் வருஷத்தில் மாசம் இருபத்திரண்டாயிரம்,
அமெரிக்காவில் யாரோ பல் பிடுங்கிக்கொண்ட பில்களுக்கு
இரவெல்லாம் நம்பர் போட்டு அனுப்பும் வேலையில்.
கட்டம் கோபிக்கவில்லை. சமர்த்தாக விடை சொன்னது.
வருஷத்துக்குப் புள்ளி மூன்று ஆறு.

அப்பா எழுந்து வெளியே போனார்.
அந்த லோனில் ஜாமீன் கையெழுத்து அவருடையது.
செருப்பு மாட்ட இவ்வளவு நேரமாகுமா என்று
நாங்கள் இருவரும் காது கொடுத்திருந்தோம்.

பேட்டரி ஒன்பதில்
விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய் கேட்டது.
என் போனிலிருந்து கட்டினேன்.
தைரியத்தில் கட்டினேனா
வெட்கத்தில் கட்டினேனா, இன்னும் தெரியவில்லை.
இவள் இருபத்தைந்து வயதில்
ஜெராக்ஸ் கடையில் நின்றால்
அந்த ஐம்பது ரூபாய் என் பெயரில்தான் இருக்கும்.

செவ்வாய் விடிகாலை, ஷிப்ட் முடிந்து,
மூன்றாவது தெரு முனையில் கேப் இறக்கிவிட்டது.
முதல் முறையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டாவது தெரு இருந்திருக்க வேண்டிய இடத்தில்
ரயில்வே மதில்.
மதிலில் அரசங்கன்று. அதன் வேருக்குக் கீழே
அடைத்துப் பூசிய ஒரு வாசல் நிலையின் தடம்.

போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.
அனுப்பிய சத்தமென்று நினைத்தேன்;
இ.எம்.ஐ. பிடித்துக்கொண்டதாக
பேங்கிலிருந்து வந்த மெசேஜ்.