குயில் இறங்கவில்லை

லாபிஸில், மூடிய பனைமில்லின் ஏலத்தில்
நானூற்று இருபது வெள்ளிக்கு எடுத்தேன்:
என் உயரத்துக்கு ஒரு துளைபோடும் இயந்திரம்.
பச்சைச் சாயத்தின் மேல் சாம்பல் சாயம்,
அதன் மேல் செம்பனை எண்ணெய்ப் பிசுக்கு.
லோரியில் ஏற்றும்போதே ஆ லெக் சொன்னான்,
எல்லாப் பாகமும் இருக்கிறது,
ஒன்றும் அசையாது.

சுழலும் தண்டைப் போர்த்தி ஏறி இறங்கும் உருளைக்கு
வெள்ளைக்காரன் வைத்த பெயர்
நம் வாயில் குயில்.
கூவாது.
கைப்பிடியை இழுத்தால் இறங்கவும் இல்லை.
ஷாஹின் என்னைக் கூப்பிடுவது காக்கா,
மலாயில் அக்கா.
வங்காளத்துப் பையன், தமிழ் தெரியாது,
அதனால் நான் மட்டும்தான் சிரித்தேன்:
குயிலோடு மல்லுக்கு நிற்கும் காக்கா.

சிக்கிக்கொண்டதை அவன் லெகாட் என்பான்,
பக்கத்து டயர்கடை இருளப்பன் ஜாம் என்பார்.
நான் ஒன்றும் சொல்லாமல் டீசல் ஊற்றுவேன்.

இரண்டு நாள் டீசல். மூன்றாம் நாள் சூடு.
உறைந்த கிரீஸ் மெழுகாய்ப் பழுத்து வழிந்தது.
கைப்பிடியில் ஷாஹின் தொங்கினான்.
ஓர் அங்குலம்.
இன்னும் அரை.
வெள்ளி மதியம் அவன் தொழப் போயிருந்தபோது
குயில் தானாக இறங்கியது,
கால்வலிக்காரர் நாற்காலியில் உட்கார்வதுபோல.
மேலே இழுக்கும் சுருள்வில் எப்போதோ செத்திருந்தது.

அடுத்தது சக்.
குயிலின் விலாவில் ஒரு நீள்துளை,
உள்ளே தண்டிலும் ஒன்று.
இரண்டும் நேர்படும்போது ஆப்பைச் செருகி
ஒரே தட்டு, பொத்தென்று விழும் என்பார்கள்.
கீழே கோணி விரித்துவைத்தோம்.
தட்டினேன்.
சுத்தியலை மாற்றித் தட்டினேன்.
இந்த ஊரில் ஆளுக்கு ஆள் சுலபமாக வைக்கிற ஆப்பு
இங்கே வளைந்தது.
லோரி ஸ்பிரிங் பட்டையில் இன்னொன்று வெட்டினேன்,
அதற்கு முனை தெறித்தது.
தகரத்தில் மழை. சாலையில்
பனங்குலை லோரிகள் சிந்திக்கொண்டே போயின.
விற்றுவிடு காக்கா என்றான்.

ஐந்தாம் நாள் கம்பித் தூரிகையால்
சக்கின் கழுத்தைத் தேய்த்தவன் நிறுத்தினான்.
சாயம் உதிர்ந்த இடத்தில் ஒரு பொட்டு,
அரிசி அளவு. பற்றவைத்த பொட்டு.
பின்னால் இன்னொன்று.

எந்த முட்டாள் என்று மலாயில் கேட்டான்,
போதாமல் வங்காளத்திலும்.

குனிந்து பார்த்தேன்.
கம்பியை எடுக்கும் கடைசி நொடியில்
இடப்பக்கம் இழுபட்டு, ஒரு சின்ன வால்.
அப்படி முடிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம்.
எனக்குத் தெரிந்து ஒருத்தி.

மில்லில் என் முதல் வருஷம், இரவு ஷிப்ட்.
சக் மணிக்கொரு தரம் கழன்று விழுந்தது.
விடிவதற்குள் பாய்லர் கதவுக்கு நாற்பது துளை.
ஃபோர்மன் தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தபடி
என் பின்னாலேயே நின்றார்.
கூம்பைத் துடைத்துப் பார்த்திருக்கலாம்.
துணி எட்ட இருந்தது,
வெல்டிங் கம்பி கையிலேயே இருந்தது.
இரண்டு பொட்டு வைத்தேன்.
பிறகு விழவே இல்லை. கெட்டிக்காரி என்றார்கள்,
மேலே சாயம் அடித்தார்கள்.

பதினாறு வருஷம்
குயிலுக்குள் கிடந்திருக்கிறது
காக்கா இட்ட முட்டை.

தாக் தாவு என்றேன். தெரியாது.
கிரைண்டரால் ஒன்றை அவன் அறுத்தான்,
பின்னால் இருந்ததை நான்.
வளைந்த பழைய ஆப்பே போதுமாயிருந்தது.
ஒரு தட்டு,
கோணியில் விழுந்து பாதி உருண்டது.

கூம்பு முழுக்கப் புதுப் பாத்திரப் பளபளப்பு,
ஓரிடத்தில் மட்டும் எள்ளளவு பள்ளம்,
அன்று நசுங்கிய ஏதோ ஓர் இரும்புத்தூள்.
ஷாஹின் அதை நகத்தால் தடவினான்.
அறுத்த பொட்டில் ஒட்டியிருந்த வாலைப் பார்த்தான்.
கிரைண்டரை இன்னும் கீழே வைக்காத
என் இடது கையைப் பார்த்தான்.

காக்கா, என்றான்.
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.