காலி வரி

சேப்பாக்கத்தில் மூன்றாம் மாடி,
கடல் தெரியாத பக்கம்.
பகிர்மானப் பதிவேடு என் மேசையில்.
ஒவ்வொரு நாள் முடிவிலும்
ஒரு வரி காலியாக விடுவது பிரிவின் வழக்கம்.
எதற்கென்று புதிதாக வருபவர்கூடக் கேட்பதில்லை.

உதவிப் பொறியாளர் பெலிசிட்டாவின் கடிதம்
மழைக்கு முன்னால் வந்தது.
பள்ளிக்கரணையில் வெள்ள வடிகால்,
பத்து மில்லி கம்பி இருக்க வேண்டிய இடத்தில் எட்டு,
அளவுப் புத்தகத்தில் மட்டும் பத்து.
இரண்டு பக்கம், ஒன்பது புகைப்படம்,
மேலே என் ரப்பர் முத்திரை: அக்டோபர் ஆறு.

பதினான்காம் தேதி அவர் நாற்காலியை
எடுத்துப் போனார்கள், பழுது பார்க்கவாம்.
நின்றுகொண்டே வரைபடம் பார்த்தார் நான்கு நாள்.
பிறகு இடமாறுதல், ராமநாதபுரத்துக்கு.
ஆணையைத் தட்டியது நான்தான்:
'நிர்வாக நலன் கருதி.'
இருபத்திரண்டு வருஷமாகத் தட்டுகிறேன்,
அந்த நலன் எப்படி இருக்கும் என்று
ஒருநாளும் கண்டதில்லை.

தவறைச் சொன்னவரைக் காக்க
ஒரு சட்டமே இருக்கிறதாம்,
டீக்கடையில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொன்னார்.
ரெண்டாயிரத்துப் பதினாலில் ஒப்புதலும் ஆகிவிட்டது.
அமலுக்கு வரும் தேதியைத்தான்
இன்னும் யாரும் அறிவிக்கவில்லை.
அங்கேயும் விட்டுவைத்திருக்கிறார்கள்
ஒரு வரி.

பெலிசிட்டா ரிட் போட்டார்.
பழிவாங்கல் என்பதற்கு அவரிடம்
இரண்டு தேதிகள்தான் சாட்சி,
எது முன்னால், எது பின்னால்.

நேற்று கண்காணிப்பாளர் என் மேசைக்கே வந்தார்.
கையில் பதினேழு பி குறிப்பாணை, மை காயவில்லை.
தேதி மட்டும் செப்டம்பர் இருபத்தொன்பது.
"அந்தக் காலி வரியில ஏத்திடுங்க.
நீலப் பேனாதான், அந்தப் பக்கம் பூரா நீலம்."

எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம்.
பெண்ணுக்கு மாங்காட்டில் சம்பந்தம் பேசியிருக்கிறோம்.
நல்லவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை,
சொல்லும்படி நானும் நடந்ததில்லை.
"சாப்பிட்டுட்டு ஏத்துறேன் சார்" என்றேன்.

எல்லோரும் கைகழுவப் போன நேரம்
செப்டம்பர் பக்கத்தைத் திருப்பி
அந்த வரியின் குறுக்கே கோடு போட்டேன், சிவப்பில்.
கோடு கோணலாகப் போயிற்று.
ஓரத்தில் என் சுருக்கொப்பம், நேற்றைய தேதி.
அப்புறம் அதற்கு முந்தைய நாள் வரி,
அதற்கும் முந்தையது,
ஜூலை வரை போயிருப்பேன்,
காலடி கேட்டது.

இன்று காலை
என் நாற்காலி இருந்தது.
தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.